பர்லியாற்றுப் பழங்களும் நம் வீட்டுத் தொட்டியும்

நீலகிரிக்குச் செல்வோர் பெரும்பாலும் உதகை ஏரியையும் தாவரவியல் பூங்காவையும் தொட்டபெட்டா சிகரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டே மலை ஏறுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியது முதல் அவர்களுடைய எண்ணமெல்லாம் மேலேயே இருக்கிறது. இடைவழியில் உள்ள சிற்றூர்களை, வண்டி நின்றால் தேநீர் அருந்தும் இடங்களாக மட்டுமே அவர்கள் அறிவார்கள். அவ்வாறு விரைந்து கடந்துபோகும் வழியில்தான் கல்லாறும் பர்லியாறும் இருக்கின்றன. மங்குஸ்தான், ரம்புத்தான், துரியன் முதலிய கீழ்த்திசை நாட்டுப் பழமரங்கள் இவ்விரண்டு ஊர்களிலும் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றன.

வெளி மாநிலங்களில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வூர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது நம் மூட்டைகளில் ஏதேனும் ஒரு செடி இல்லாமல் இருப்பதில்லை. கறிவேப்பிலைக் கன்று, முருங்கைக் கொம்பு, மல்லிகைப் பதியம் என ஏதோ ஒன்று இரயில் பெட்டியின் இருக்கைக்கு அடியில் நம்மோடு பயணம் செய்கிறது. நீலகிரி வழியாகத் திரும்புகிறவர்கள், அங்கே தின்ற பழத்தின் கொட்டையையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருகிறார்கள். அக்கொட்டைகளில் பெரும்பாலானவை முளைப்பதே இல்லை. முளைத்தவற்றிலும் பல, குடும்பம் வேறு ஊருக்கு மாற்றலாகும் நாளில் மாடிப்படியின் அடியில் விடப்படுகின்றன. ஆகவே, அப்பழங்கள் விளையும் இடத்தைப் பற்றியும், அவற்றின் விதையைப் பற்றியும், அவ்விதையை வீட்டில் வளர்க்க விரும்புவோர் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டியவற்றைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறோம்.

மலையடிவாரத்தில்

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் நீலகிரி விரைவு வண்டி விடியற்காலையில் மேட்டுப்பாளையத்தை அடைகிறது. மலை இரயிலும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. 1899ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908ஆம் ஆண்டில் உதகை வரையிலும் அமைந்த அந்தப் பாதையை 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கல்லாறு நிலையம் வரையில் சாதாரண இரயிலைப் போலவே ஓடும் வண்டி, அதன்பின் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. எனினும் பழத்தோட்டங்களைக் காண விரும்புவோர்க்குப் பேருந்துச் சாலையே தக்கது. பர்லியாறு இரயில் பாதையில் இல்லை.

நாங்கள் ஆகஸ்டு மாதத்தில் சென்றோம். தென்மேற்குப் பருவக்காற்றின் சாரல் நிற்பதும் பெய்வதுமாக இருந்தது. பவானியாற்றைக் கடந்து சிறிது தூரம் சென்றதும் சாலையின் இருபுறமும் பாக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. மேட்டுப்பாளையத்து வெயில் அத்தோப்புகளின் நிழலில் நுழைந்தவுடன் மறைந்துவிடுகிறது. கல்லாறு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் மலையின் காலடியில் இருக்கிறது. அங்குள்ள அரசு பழப்பண்ணை 1900ஆம் ஆண்டில் ஏற்பட்டது. யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குச் செல்லும் வழியும் அதுவே. இதன் காரணமாகப் பண்ணையைப் பற்றிய பேச்சு அண்மை ஆண்டுகளில் உயர்நீதிமன்றம் வரையில் சென்றிருக்கிறது. ஆகையால், உள்ளே செல்ல அனுமதி உண்டா என்பதை மேட்டுப்பாளையத்திலேயே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

கல்லாற்றைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. குன்னூருக்கு ஏறக்குறைய பாதி வழியில் பர்லியாறு வருகிறது. நீலகிரி மாவட்டத்தின் சோதனைச் சாவடி, நான்கைந்து தேநீர்க் கடைகள், வரிசையாகப் பழக்கடைகள், அவற்றைக் கண்வைத்துக் காத்திருக்கும் குரங்குக் கூட்டம் ஆகிய இவ்வளவே சாலையிலிருந்து தெரிகின்றன. பலாப்பழக் காலத்தில் யானைகளும் வருவதுண்டு. அரசு தோட்டம் 1871ஆம் ஆண்டில் ஏற்பட்டது. சுமார் 15 ஏக்கர் பரப்புள்ள அத்தோட்டத்தில் பழமரங்களோடு சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை, மிளகு ஆகியவையும் விளைகின்றன. மரங்களின் அடியில் நின்று பார்த்தால் நண்பகலிலும் அந்தி வேளை போல இருக்கிறது. தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஆனால் சரிவான நிலமாதலால் நீர் எங்கும் தேங்குவதில்லை. கோடையில் சுடுகாற்று இல்லை. குளிர்காலத்தில் உறைபனி இல்லை. இரண்டு பருவமழைகளும் கிடைக்கின்றன. இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடம் நம் நாட்டில் மிகுதியாக இல்லை. பர்லியாற்றின் சிறப்பு இதில்தான் இருக்கிறது.

ராக்ஸ்பரோவின் 35 ஆண்டுகள்

இந்த இடப்பொருத்தத்தின் அருமையை அறிய வேண்டுமானால் கொல்கத்தாவில் நடந்த ஒரு முயற்சியை நினைவுகூர வேண்டும். கொல்கத்தாவிற்கு எதிரே ஹூக்ளி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள தாவரவியல் பூங்கா 1787ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று அது ஆச்சார்ய ஜகதீச சந்திர போஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள பெரிய ஆலமரத்தைக் கொல்கத்தாவில் வாழும் நம் அன்பர்கள் எல்லோரும் கண்டிருப்பார்கள். அப்பூங்காவிற்கு 1793ஆம் ஆண்டில் தலைவராக வந்தவர் வில்லியம் ராக்ஸ்பரோ. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய அவர், இந்தியத் தாவரங்களை முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் முன்னணியில் நிற்பவர்.

அவர் மங்குஸ்தானை இந்தியாவில் வளர்த்துக் காய்க்கச் செய்ய 35 ஆண்டுகள் முயன்றார். ஒவ்வொரு முறையும் தோல்வியே கண்டார். வங்காள விரிகுடாவுக்கு வடக்கேயும் மேற்கேயும் கொண்டுவரப்பட்ட கன்றுகள் எல்லாம் நோயுற்று, இரண்டு மூன்று அடிக்கு மேல் வளராமல் மடிந்துபோயின என்று, 1815இல் அவர் மறைந்தபின் அச்சேறிய ‘ஃபுளோரா இந்திகா’ நூலில் காண்கிறோம். அவருக்குப் பணமோ ஆட்களோ அறிவோ குறைவாக இருந்தன என்று கூற முடியாது. ஒரு பேரரசின் பூங்காவே அவர் கையில் இருந்தது. ஆனால் மங்குஸ்தானுக்கு ஆண்டு முழுவதும் ஈரமான காற்றும் நிழலும் வேண்டும். வங்கத்துக் குளிர்காலத்தின் வறண்ட காற்று அதற்கு ஏற்றதன்று.

பின்னர் அதே மரம் நீலகிரியின் காலடியில், மலைச்சரிவின் நிழலில், பெரிய பூங்காக்கள் எதுவும் பெறாத வெற்றியைப் பெற்றது. குற்றாலத்து மலையடிவாரத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இன்று அது காய்க்கிறது. மாடியில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு மங்குஸ்தான் விதையை ஊன்றப்போகிறவர்கள் இந்த வரலாற்றை மனத்தில் கொள்ள வேண்டும். நம்முடைய அன்பினால் மட்டும் மரம் வளர்ந்துவிடாது. அதற்கு வேண்டிய காற்றை நாம் கடையில் வாங்கிக் கொடுக்க முடியாது.

கடைவீதியில்

பர்லியாற்றுக் கடைகளில் எல்லாப் பழங்களும் எப்போதும் கிடைப்பதில்லை. மங்குஸ்தான் இருமுறை வருகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு பருவம். ஜூலை முதல் அக்டோபர் வரை மற்றொன்று. நாங்கள் சென்ற நாளில் கூடை கூடையாக மங்குஸ்தான் இருந்தது. கருஞ்சிவப்பு நிறமும் தடித்த தோலும் உடைய அப்பழத்தின் அடிப்புறத்தில், சிறு பூவைப்போன்ற ஓர் அடையாளம் காணப்படும். அப்பூவின் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளைகள் உண்டு என்பதை உடைக்காமலே சொல்லிவிடலாம். எங்களுடன் வந்த குழந்தைகள் ஒவ்வொரு பழத்தையும் எண்ணிப் பார்த்து, உடைத்துச் சரிபார்த்து மகிழ்ந்தார்கள். சுளைகள் வெண்பஞ்சு போன்றவை. வாயில் இட்டதும் கரைபவை. தோலின் சாறு துணியில் பட்டால் கறை போகாது. இதை வெள்ளை வேட்டி உடுத்திச் செல்வோர் நினைவிற்கொள்க.

ரம்புத்தான் என்ற பெயர் மலாய் மொழியில் மயிரைக் குறிக்கும் ‘ரம்புத்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. துரியன் என்பது முள்ளைக் குறிக்கும் ‘துரி’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. மலாயாவில் தோட்டவேலைக்குச் சென்று திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. அவர்களுக்கு இப்பெயர்களை விளக்க வேண்டியதில்லை. துரியனைத் தின்றால் மகப்பேறு உண்டாகும் என்னும் நம்பிக்கையினால், அது பழுக்கும் காலத்தில் தொலைவிலிருந்தும் மக்கள் வந்து வாங்கிச் செல்கிறார்கள். மருத்துவ ஆராய்ச்சி மெய்ப்பித்த செய்தி அன்று அது. ஆயினும் அந்நம்பிக்கையோடு வந்து நிற்பவர்களின் முகத்தைப் பார்த்தபின் அதைப் பற்றி இலேசாகப் பேச மனம் வருவதில்லை.

இவற்றோடு வெண்ணெய்ப்பழமும், உட்சதை வேகவைத்த மஞ்சட்கரு போன்றிருக்கும் முட்டைப்பழமும், ‘தாட்பூட் பழம்’ என்று மலைவாசிகள் அழைக்கும் கொடிப்பழமும் பருவத்திற்கேற்ப விற்கப்படுகின்றன.

எங்கள் குழந்தைகளில் ஒருத்தி தின்ற சுளையின் கொட்டையைக் காகிதத்தில் மடிப்பதைக் கண்டு, கடைக்கார அம்மாள் சிரித்தார். “கொட்டைய காய வெச்சுறாதீங்க அம்மணி. பழமாவே கொண்டுபோயி, ஊருக்குப் போயி உடைச்சுக்குங்க” என்றார். தோட்டக்கலை நூல்கள் பல பக்கங்களில் கூறும் செய்தியை அவர் இரண்டு வாக்கியங்களில் கூறிவிட்டார்.

விதையின் ஆயுள்

நம் கழனிகளில் நாம் அறிந்த விதைகள் வேறு இயல்புடையவை. நெல்லையும் உளுந்தையும் கத்தரி விதையையும் நன்றாக உலர்த்தி, சாம்பல் கலந்து பானையில் வைத்தால் அடுத்த பருவம் வரையில் கெடாது. உலர்த்துவதே அவற்றைக் காக்கும் வழி. மழைக்காட்டு மரங்களின் விதைகளுக்கு உலர்த்துவதே மரணம். ஆண்டு முழுவதும் ஈரமாக உள்ள காட்டில் விழுந்த கணமே முளைக்கும் பழக்கம் உடைய அவ்விதைகளுக்கு, உறங்கிக் காத்திருக்கும் ஆற்றல் இல்லை. மங்குஸ்தான் கொட்டையை வெளியே எடுத்து உலரவிட்டால் ஐந்து நாளில் உயிர் போய்விடும். பழத்தின் உள்ளேயே இருந்தால் மூன்று வாரம், சில வேளைகளில் ஐந்து வாரம் வரையிலும் தாங்கும். ரம்புத்தானுக்கும் துரியனுக்கும் ஏறக்குறைய ஒரு வாரமே ஆயுள். லிச்சிக் கொட்டைக்கு அதனினும் குறைவு. வெண்ணெய்ப்பழக் கொட்டை மட்டும் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்கும்.

கோவையிலிருந்து மும்பைக்கு இரயிலில் ஒன்றேகால் நாள், ஒன்றரை நாள் ஆகிறது. தில்லிக்கும் கொல்கத்தாவிற்கும் ஏறக்குறைய இரண்டு நாள். பயணத்திற்கு முன் ஊரில் தங்கும் நாள்களையும் சேர்த்தால் கைக்குட்டையில் முடிந்த கொட்டை ஏன் முளைப்பதில்லை என்பது விளங்கும். எனவே பழமாகவே கொண்டு வருவது முதல் வழி. அது இயலாவிட்டால், கொட்டையின் மேல் ஒட்டியுள்ள சதையை நன்றாகக் கழுவிவிட்டு, ஈரமான தேங்காய்நார்த் தூளில் பொதிந்து, மூடியில் சிறு துளைகள் உள்ள டப்பாவில் வைத்துக் கொண்டுவரலாம். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டாதலால் டப்பாவை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்வது நலம்.

மற்றொன்றும் கூறவேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள குடும்பங்கள் அங்கிருந்து கொட்டைகளைப் பெட்டியில் இட்டுக் கொண்டுவர விரும்புவதுண்டு. முறையான அனுமதியும் அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதைகளை இந்தியாவிற்குள் கொண்டு வருவதை 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணை தடுக்கிறது. ஒரு கொட்டையோடு வரும் ஒரு புழு, ஒரு மாவட்டத்தின் தோப்புகளையே அழிக்கக்கூடும். பர்லியாற்றில் கிடைப்பதே நமக்குப் போதும்.

தாயைப் போல் பிள்ளையா?

விதையிலிருந்து மரம் வளர்ப்போர் அறியவேண்டிய இரண்டாவது செய்தி, எல்லா விதையும் தாய்மரத்தின் குணத்தைத் தருவதில்லை என்பதாகும். நல்ல மாம்பழத்தின் கொட்டையை நட்டுப் புளித்த பழத்தைப் பெற்ற அனுபவம் நம் கிராமங்களில் பலருக்கும் உண்டு. வெண்ணெய்ப்பழமும் அவ்வாறே. ரம்புத்தானில் இடர் இன்னும் பெரிது. விதைக் கன்றுகளில் பல ஆண்மரங்களாகிவிடுகின்றன. ஐந்தாறு ஆண்டுகள் வளர்த்தபின், பூத்தும் காய்க்காத மரத்தின் எதிரே நிற்க நேரும். மும்பை அன்பர்கள் கோடையில் அருந்தும் கோகம் சர்பத்தின் மரமும் இத்தகையதே. கொங்கணத்தில் கோகம் விதையை ஊன்றினால் ஏறக்குறைய பாதிக் கன்றுகள் ஆணாகப் போய்விடுகின்றன. அதனாலேயே அங்கு ஒட்டுக்கன்றுகளை நாடுகிறார்கள்.

அந்தக் கோகத்திற்கும் நம் குடம்புளிக்கும் நெருங்கிய உறவினமான மங்குஸ்தான் இவ்விதிக்கு விலக்காக இருப்பது பெரிய வியப்பு. மங்குஸ்தானில் மகரந்தச் சேர்க்கையினால் விதை உண்டாவதில்லை. தாயின் திசுவிலிருந்தே விதை உருவாகிறது. ஆகையால் ஒவ்வொரு கன்றும் தாயின் மறுபதிப்பாகும். எந்தப் பழம் இனித்ததோ, அதே பழத்தை அதன் விதையும் தரும். பொறுமை ஒன்றே அது கேட்கும் விலை. மிக நல்ல நிலத்தில் 7 ஆண்டு முதல் 9 ஆண்டுகளில் காய்க்கும். பெரும்பாலான இடங்களில் 10 ஆண்டு முதல் 15 ஆண்டு வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும்.

முளையும் கன்றும்

பெரிய கொட்டையாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு பழத்தில் முதிர்ந்த கொட்டை ஒன்றோ இரண்டோதான் இருக்கும்; சிலவற்றில் ஒன்றும் இராது. ஆற்று மணலும் செம்மண்ணும் இலைமட்கும் சமமாகக் கலந்த கலவையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, நிழலில் வைத்து, பூவாளியால் நாள்தோறும் நனைத்து வந்தால் ஏறக்குறைய மூன்று வாரத்தில் முளை தெரியும். ரம்புத்தான் கொட்டையைப் படுக்கை வாட்டில் ஊன்றவேண்டும். வெண்ணெய்ப்பழக் கொட்டையைக் கூர்முனை மேலாக வைக்கவேண்டும்.

மங்குஸ்தானின் ஆணிவேர் நீளமானது. பக்கவேர்கள் மிகச் சில. ஆதலால் அகன்ற தொட்டியைக் காட்டிலும் ஆழமான தொட்டியே வேண்டும். ஒரு முழ ஆழம் இருந்தால் நல்லது. வேரை அடிக்கடி கலைத்தால் கன்று பிழைப்பது அரிது. வளர்ச்சியோ மிக மெதுவானது. இரண்டு ஆண்டில் ஓரடி உயரம் வந்தால் அது நல்ல வளர்ச்சி என்றே கொள்ளவேண்டும். ஆறு மாதத்திற்கு ஒரு முறை இரண்டு புதிய இலைகள் தோன்றும்போது வீட்டில் உள்ள அனைவரும் கூடி நின்று பார்ப்பார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நேர் வெயில் படக்கூடாது. கிழக்குப் பார்த்த பால்கனியில், மற்றச் செடிகளின் நடுவே, அவற்றின் மூச்சு ஈரத்தில் வளரவிடுவது சிறந்தது.

எந்த ஊரில் எது?

மும்பையிலும் கோவாவிலும் மங்களூரிலும் உள்ளவர்கள் மங்குஸ்தானை முயன்று பார்க்கலாம். கடற்கரைக் காற்றின் ஈரம் அதற்குத் துணை செய்யும். மழை ஓய்ந்த மாதங்களில் நீர் விடாமல் இருக்கக்கூடாது. பெங்களூரில் உள்ளோர்க்கு வெண்ணெய்ப்பழமே ஏற்றது. அங்கு அது தோட்டந்தோறும் வளர்கிறது. கொல்கத்தாவில் ராக்ஸ்பரோவின் தோல்வியை நினைத்து வருந்துவதைவிட, அம்மண்ணின் லிச்சியையும், அவர்கள் ‘ஜாம்ருல்’ என்னும் நீர்நாவலையும், ‘காம்ராங்கா’ என்னும் நட்சத்திரப் பழத்தையும் வளர்ப்பது அறிவுடைமை. அவற்றுள் லிச்சியை விதையிலிருந்து வளர்ப்போர் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். அங்குள்ள தோட்டக்காரர்கள் கிளையில் மண்ணைப் பொதிந்து வேர்விடச் செய்யும் விண்பதியக் கன்றுகளையே நடுகிறார்கள்.

தில்லி, இலக்னோ, சண்டிகர் போன்ற ஊர்களின் குளிரையும் மே மாதத்து அனல் காற்றையும் மங்குஸ்தான் தாங்காது. அவ்வூர்களில் வாழ்வோர்க்கு ஃபால்சா இருக்கிறது. கோடைத் தெருக்களில் தள்ளுவண்டிகளில் கூம்புக் காகிதத்தில் உப்பிட்டு விற்கப்படும் அச்சிறு கருஞ்சிவப்புக் கனியை நம் குழந்தைகள் அறிவார்கள். அதன் விதை எளிதில் முளைக்கும்; இரண்டாண்டுக்குள் காய்க்கத் தொடங்கும்; பெரிய தொட்டியிலும் வளரும். தென்னாட்டில் பலர் கண்டறியாத அப்பழம், நம் ஊரார்க்கு அபூர்வமான பழமே அல்லவா? அபூர்வம் என்பது நாம் எங்கிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

யார் உண்பதற்காக?

இனி, இவ்வளவையும் சொன்னபின் எழும் கேள்விக்கு வருவோம். வங்கியிலும் இரயில்வேயிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் பணிபுரியும் நம் குடும்பங்கள் மூன்றாண்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஊர் மாறுகின்றன. வாடகை வீட்டில் இருப்போர்க்குப் பதினொரு மாதத்திற்கு மேல் உறுதி இல்லை. பத்தாண்டு கேட்கும் மரத்திற்கு மூன்றாண்டு உள்ளவர் எவ்வாறு பொறுப்பேற்பது? ‘முளைக்கட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவதனால்தான் அக்கன்றுகள் மாடிப்படியின் அடியில் வாடுகின்றன. விதையை ஊன்றும் நாளிலேயே அதன் பழத்தை யார் உண்பார்கள் என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நாமே உண்ண வேண்டும் என்றால் மரத்தை நாடாமல் விரைந்து பலன் தருவனவற்றை நாடுவோம். பர்லியாற்றுத் தாட்பூட் பழத்தின் விதை ஓரிரண்டு ஆண்டுகளில் கொடியாகிப் பூத்துக் காய்க்கும். பால்கனிக் கம்பிகளே அதற்குப் பந்தல். முள்சீத்தா மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் காய்க்கும். இவற்றைத் தொட்டியோடு லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டு செல்லவும் கூடும்.

மங்குஸ்தானைத்தான் வளர்ப்போம் என்றால், நாம் அதற்குச் செவிலித்தாய் மட்டுமே என்று எண்ணிக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள்தாம் அக்கன்றுக்கு மிக ஆபத்தான காலம். நிழலும் ஈரமும் நாள்தோறும் கவனிப்பும் தேவைப்படும் அந்தக் காலத்தை ஒரு சிறிய வீடு மிக நன்றாகத் தர முடியும். அதன்பின் அது தரைக்குப் போகவேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் தோட்டம், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, கோயில் வளாகம், சொந்த மனை உள்ள நண்பர் வீடு என்று இடத்தை முன்னதாகவே கேட்டு வைப்பது முறை. சுவரிலிருந்து போதிய தூரம், நீர்க்குழாயின் அண்மை, நிழல் தரும் ஒரு பெரிய மரம் ஆகிய மூன்றும் உள்ள இடமாகத் தேர்ந்துகொள்ளலாம். மொட்டைமாடியில் கனமான தொட்டிகளை வைத்து, நீர் கசிந்து, கீழ்வீட்டாரோடு மனத்தாங்கல் வளர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சொந்த ஊருக்கே கன்றைத் திருப்பி அனுப்பலாமே என்று சிலர் கூறுவர். நாகர்கோவில், தென்காசி, பொள்ளாச்சிப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்களானால் தாராளமாகச் செய்யலாம். ஆனால் இராமநாதபுரத்துக் கரிசலிலோ புதுக்கோட்டைச் செம்மண் வெளியிலோ, நம் ஊர் என்பதற்காக மட்டும் மங்குஸ்தான் வளர்ந்துவிடாது. அங்கே பெற்றோர் தனியே இருக்கும் வீட்டில், குடிநீருக்கே குடம் சுமக்கும் கோடையில், நாம் அனுப்பிய கன்றுக்கும் ஒரு குடம் ஊற்றச் சொல்வது நியாயமாகாது. அவ்வூர்களில் நாவலும் விளாவும் சீத்தாவும் நடுவதே பொருத்தம்.

பர்லியாற்றில் நிற்கும் முதிய மரங்களை நட்டவர்கள் எவரும் அந்தக் கடைவீதியில் அமர்ந்து அவற்றின் பழத்தைத் தின்றிருக்க மாட்டார்கள். பணிமாற்றத்தில் வந்து, பணிமாற்றத்தில் போனவர்களே அவர்களில் பலர். நட்டவர் போனபின் நீர் ஊற்றுவதற்கு அடுத்தவர் ஒருவர் இருந்ததுதான் அம்மரங்கள் நிலைத்ததன் காரணம். அத்தோட்டத்தில் வேலை செய்து, பெயர் எழுதப்படாமல் மறைந்த தொழிலாளர்களின் கைகளுக்கே அப்பெருமை உரியது.

நம் சங்கத்திலும் அத்தகைய தொடர்ச்சியை உண்டாக்க முடியும். பருவத்தில் நீலகிரிக்குச் செல்வோர் நான்கு பழங்களைக் கூடுதலாக வாங்கி வரலாம். ஒவ்வொரு தொட்டியிலும் பழம் வாங்கிய ஊர், விதைத்த தேதி, பின்னர் தரைக்குப் போகவேண்டிய இடம் ஆகிய மூன்றையும் எழுதிய ஒரு சிறு பலகையைச் செருகி வைக்கலாம். மாற்றலாகிப் போகும் குடும்பம், காஸ் அடுப்பையும் பால்காரரின் கணக்கையும் முடித்துவிட்டுப் போவதுபோல, அந்தத் தொட்டியையும் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மற்றொரு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். பெற்றுக்கொள்பவர் பெயரைப் பலகையில் கீழே எழுதிக்கொள்ளட்டும். ஓரடி உயரக் கன்றின் பலகையில் நான்கு குடும்பங்களின் பெயர்கள் சேர்ந்திருந்தால், அது தரைக்குப் போகும் நாளில் நீர் ஊற்றுவதற்கும் நான்கு குடும்பங்கள் இருக்கும்.

பர்லியாற்றுச் சாலையில் அடுத்த முறை பேருந்து நிற்கும்போது தேநீரோடு திருப்தி அடையாமல் பழக்கடைப் பக்கமும் சென்று பாருங்கள். குழந்தைகளைப் பழத்தின் அடிப்புறத்து இதழ்களை எண்ணச் சொல்லுங்கள். கொட்டையைக் கொண்டுவர விரும்பினால், அந்த அம்மாள் சொன்னதுபோல் பழமாகவே கொண்டு வாருங்கள்.